வணிகக் குளமா, ஆறா? இங்கிலாந்தில் தூண்டில் போடுவோருக்கு ஓர் ஒப்பீடு

இங்கிலாந்துக்கு வந்து சில ஆண்டுகள் கழித்துத் தூண்டிற்கோல் ஒன்றை வாங்கிவிட்டு, அதை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நிற்கும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான். காசு கட்டி உள்ளே போனால் மீன் நிச்சயம் என்று சொல்லப்படும் வணிகக் குளத்துக்குப் போவதா, அல்லது ஆறு, பழைய ஏரி, கால்வாய் போன்ற இயல்பான நீர்நிலைகளுக்குப் போவதா? இரண்டிலும் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் என் பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். சால்மன், டிரவுட் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, ரோச், பிரீம், டென்ச், கெண்டை, பெர்ச், பைக், சப், பார்பல் முதலிய மற்ற நன்னீர் மீன்களை இந்நாட்டில் ‘கோர்ஸ்’ மீன்கள் என்பார்கள். வணிகக் குளம் என்பது இம்மீன்களை, குறிப்பாகக் கெண்டையை, நெருக்கமாக இருப்புச் செய்து நாள் கட்டணத்துக்குத் திறந்துவிடும் குளம். ‘இயல்பான’ என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நோர்போக் பிராட்ஸ் ஏரிகள் மத்திய காலத்தில் எரிபொருளுக்காகப் ‘பீட்’ என்ற கரிமண்ணை வெட்டி எடுத்த பள்ளங்களில் நீர் புகுந்து உருவானவை. லீ பள்ளத்தாக்கின் ஏரிகள் பலவும் சரளைக்கல் தோண்டிய குழிகள். ஆறுகளிலும் இருப்புச் செய்கிறார்கள்: நாட்டிங்காம்ஷயரில் கால்வர்ட்டன் என்ற இடத்தில் அரசின் சுற்றுச்சூழல் முகமை நடத்தும் பண்ணையில் வளரும் மீன்குஞ்சுகள், மாசினாலோ வேறு காரணத்தாலோ மீன்வளம் குன்றிய ஆறுகளுக்குப் போகின்றன. ஆகவே மனிதக் கை பட்டதா இல்லையா என்பது இங்கே வேறுபாடு அல்ல. மீன் அங்கே தானாக இரை தேடி, தானாக இனம்பெருக்கி வாழ்கிறதா, அல்லது தூண்டிற்காரரின் கூடையிலிருந்து விழும் ‘பெல்லட்’ என்ற உருண்டைத் தீனியைப் பெரிதும் நம்பி வாழ்கிறதா என்பதே வேறுபாடு.

## எவற்றை வைத்து எடைபோடுவது

நான் ஆறு அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் மீன் மாட்டும் என்ற நம்பிக்கை எவ்வளவு என்பது முதலாவது. வாசலில் கட்டும் பணமும் வாசலில் தெரியாத செலவும் இரண்டாவது. ஆண்டில் எத்தனை நாள் தூண்டில் போடலாம் என்பது மூன்றாவது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் அந்தக் கரை ஒத்துவருமா என்பது நான்காவது. பிடித்துத் திருப்பி விடப்படும் மீன் என்ன பாடுபடுகிறது என்பது ஐந்தாவது. அங்கே ஓராண்டு கழித்த ஒருவர் நீரைப்பற்றி என்ன தெரிந்துகொண்டிருப்பார் என்பது ஆறாவது. கடைசி அளவுகோலுக்கு மற்ற ஐந்தையும்விடக் கூடுதல் எடை தருகிறவன் நான்; படிக்கிறவர்கள் அதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒப்பிடுவதற்கு முன், எங்கே போனாலும் பொருந்தும் விதிகள் இரண்டு உண்டு. பதின்மூன்று வயது நிரம்பிய எவரும் சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் இல்லாமல் நன்னீரில் தூண்டில் போடக் கூடாது. அது ஒரு நாள், எட்டு நாள், பன்னிரண்டு மாதம் என மூன்று கால அளவில் கிடைக்கிறது. 13 முதல் 16 வயது வரை இலவசம் என்றாலும் பெயரைப் பதிந்து வாங்கியாக வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம் விதிக்க முடியும். குளத்துக்குக் கட்டும் கட்டணத்தில் இந்த உரிமம் அடங்கிவிடும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு; இரண்டும் தனித்தனி.

இரண்டாவது விதி நம்மவர்களுக்கு இன்னும் முக்கியமானது. பிடித்த மீன் குழம்புக்குப் போவதே இயல்பு என்ற பழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். இங்கே குளம், ஏரி, கால்வாய் ஆகியவற்றில் பிடிக்கும் கோர்ஸ் மீன் அனைத்தையும், நீர்நிலை உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி இருந்தாலொழிய, உயிரோடு திருப்பி விட வேண்டும். ஆற்றில் சட்டம் சிறிதளவு இடம் தருகிறது: 65 சென்டிமீட்டர் வரையுள்ள பைக் ஒன்றும், ரோச், பெர்ச் போன்றவற்றில் 20 சென்டிமீட்டருக்கு மிகாத பதினைந்தும் ஒரு நாளில் எடுக்கலாம்; விலாங்கை எடுக்கவே கூடாது. ஆனால் ஆற்றங்கரையைக் குத்தகைக்கு வைத்திருக்கும் மீன்பிடிச் சங்கங்களின் விதி பெரும்பாலும் அதையும் மறுக்கிறது. உண்பதற்கு மீன் வேண்டுமென்றால் கடற்கரைக்கோ, பிடித்த மீனைக் கொண்டுபோக விடும் டிரவுட் ஏரிக்கோ போவதே நேர்மையான வழி. உண்ண மீன் தேடுகிறவர்களுக்கு இந்த ஒப்பீடு உதவாது.

## வணிகக் குளம்

இங்குள்ள தூண்டிற்காரர்கள் ‘கமர்ஷியல்’ என்று சுருக்கிச் சொல்லும் இக்குளங்கள், விளைச்சல் குறைந்த களிமண் நிலத்தை உழவர்கள் வேறு வருமானத்துக்குத் திருப்பியபோது பெருகியவை. ஆல்டர்ஷாட்டில் உள்ள கோல்டு வேலி, டொன்காஸ்டர் பக்கத்தில் உள்ள லிண்ட்ஹோம் போன்றவை இவற்றில் நாடறிந்தவை. ‘பெக்’ எனப்படும் எண்ணிட்ட தூண்டிலிடம் ஒவ்வொன்றிலும் உட்காரத் தளம், வண்டி நிறுத்துமிடம், கழிப்பறை, பல இடங்களில் ஓர் உணவகமும் இரைக் கடையும் இருக்கும். சக்கர நாற்காலியோடு வருகிறவருக்கும் குழந்தையோடு வருகிறவருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஈடாக ஆற்றங்கரையில் எதுவும் இல்லை. நான்காவது அளவுகோலில் வணிகக் குளமே வெல்கிறது. அதில் வாதிட ஒன்றுமில்லை.

மீன் மாட்டும் நம்பிக்கையிலும் அப்படியே. இங்கே இருக்கும் மீனின் எடை, அதே பரப்புள்ள இயல்பான ஏரியில் இருப்பதைப்போலப் பல மடங்கு. கோடைக்காலப் போட்டிகளில் ஒருவரே நூறு பவுண்டு எடைக்குமேல் பிடிப்பது இங்கே வியப்பில்லை. குளிர்காலத்தில் கெண்டை சோர்ந்து அடியில் ஒடுங்கிவிடும் என்பதால், கெண்டையும் அதன் உறவான குருசியன் என்ற மீனும் கலந்து பிறந்த ‘எஃப்1’ என்ற கலப்பினத்தைப் பல குளங்கள் விடுகின்றன. குளிர்ந்த நீரிலும் அது இரை எடுக்கும். என் மகளை ஒன்பது வயதில் முதன்முதலாகக் கூட்டிச் சென்றது இப்படியொரு குளத்துக்குத்தான். இனிப்புச்சோளம் ஒரு டப்பா, குட்டைக் கோல் ஒன்று. மதியத்துக்குள் அவள் தன் கையாலேயே முள்ளைக் கழற்றி மீனைத் திரும்ப விடக் கற்றுக்கொண்டாள். அன்று அவளை ஆற்றுக்குக் கூட்டிச் சென்று வெறுங்கையோடு திரும்பியிருந்தால் இரண்டாம் முறை வந்திருக்கமாட்டாள் என்று உறுதியாக நம்புகிறேன்.

நாள் கட்டணம் பல இடங்களில் 10 பவுண்டை ஒட்டியிருக்கிறது. இரண்டாவது கோலுக்குத் தனிக் கட்டணம் கேட்பதும் உண்டு. மறைசெலவு அதற்குப் பிறகு தொடங்குகிறது. தங்கள் கடையில் விற்கும் பெல்லட்டைத் தவிர வேறு பெல்லட் போடக் கூடாது என்பது பல குளங்களின் விதி. மீனுக்குப் பழக்கமில்லாத, எண்ணெய் மிகுந்த தீனி சேர்ந்துவிடாமல் காக்க அது தேவையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; ஆனாலும் பணம் நம் பையிலிருந்துதான் போகிறது. அடுத்தது ‘போல்’. நூல் சுற்றும் சுருள் இல்லாமல், நுனியில் மீள்நூல் கோத்த, பதினாறு மீட்டர் வரை நீளும் கார்பன் கம்பு அது. இக்குளங்களில் அதுதான் சிறந்த கருவி என்பதால், ஆறு மாதத்தில் அண்டை பெக்கில் இருப்பவருடைய கம்பின்மேல் கண் போகும். நல்லதொன்றின் விலை ஆயிரம் பவுண்டைத் தாண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மேலே மின்கம்பி போகும் கரையில் அந்தக் கம்பை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது; இதனால் இந்நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு.

ஐந்தாவது அளவுகோலில்தான் எனக்கு மனவருத்தம். ஒரே கெண்டை ஒரு கோடையில் எத்தனையோ முறை பிடிபடுகிறது. கிழிந்து ஆறிய வாயோடு வரும் மீனை இக்குளங்களில் பார்க்காத தூண்டிற்காரர் இருக்கமாட்டார். நல்ல உரிமையாளர்கள் எதிர்முள் இல்லாத தூண்டில்முள்ளைக் கட்டாயமாக்கி, நெருக்கமான இருப்பில் நோய் பரவாதிருக்க வலைகளை மருந்துத் தொட்டியில் முக்கிய பிறகே உள்ளே விடுகிறார்கள். கோய் ஹெர்பெஸ் வைரஸ் என்ற கெண்டை நோய் புகுந்தால் குளம் முழுவதும் செத்து மிதக்கலாம். கண்டவுடன் அரசுக்கு அறிவித்தாக வேண்டிய நோய் அது. வெப்பமான நீரில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைவு. இரவெல்லாம் பாசியும் அதை உறிஞ்சுவதால் விடியற்காலையில் இன்னும் குறையும். கோடையில் அதிகாலையில் போனால், மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து மூச்சுவாங்குவதைக் காணலாம். அப்படிக் கண்டால் தூண்டிலை எடுக்காமல் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுத் திரும்புவதே மீனுக்குச் செய்யும் மரியாதை. போகும் குளம் நல்லதா என்று அறிய நான் பார்ப்பது மருந்துத் தொட்டி நிரம்பியிருக்கிறதா, காற்றூட்டும் பொறி ஓடுகிறதா என்ற இரண்டைத்தான். உணவகத்தின் தரத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

கற்றல் என்ற அளவுகோலுக்கு வருகிறேன். வணிகக் குளம் ஒருவருக்குக் கைப்பழக்கத்தை நன்றாகவே தருகிறது. தக்கையின் அசைவைப் படிப்பது, முள்ளை ஏற்றும் தருணம், பெரிய மீனை அறுந்துபோகாமல் களைக்கவைப்பது ஆகிய எல்லாம் அடிக்கடி மீன் மாட்டினால்தான் வரும். அது தராதது, மீன் எங்கே இருக்கும் என்ற அறிவு. பெக்கின் எண்ணே அந்த அறிவை நமக்குப் பதிலாகச் சுமந்துகொள்கிறது. இரண்டாண்டு குளங்களில் மட்டும் பழகிய பிறகு நான் லீ ஆற்றுக்குப் போனபோது ஐந்து முறை தொடர்ந்து வெறுங்கையோடு திரும்பினேன். மீன் இல்லாத இடத்தில், மிகச் சரியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

## ஆறும் பழைய நீர்நிலைகளும்

ஆற்றில் முதல் வேலை நடப்பது. வேகமான ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசிப்போகும் கோட்டை நீர்ப்பரப்பில் கண்டுபிடிக்க வேண்டும். இரை மிதந்துவரும் வழியும் மீன் களைக்காமல் நிற்கும் இடமும் அங்கேதான் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வில்லோ மரம் கிளையைத் தாழ்த்தி நீரைத் தொடும் இடத்தில் மிதக்கும் சருகுகள் சேர்ந்து ஒரு கூரை போல நிற்கும். அதன் அடியில் சப் இருக்கும் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். நீரோட்டம் அரித்து உள்வாங்கிய கரை, தடுப்பணைக்குக் கீழேயுள்ள மடு, நீர்த்தாவரங்களுக்கு இடையே சரளை தெரியும் பாதை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு மீனின் வீடு. மழைக்குப் பின் நீர்மட்டம் ஏறும்போது போவதைவிட, உச்சம் தொட்டு இறங்கும்போது போவது பார்பலுக்கு நல்லது. ஆறுகளின் நீர்மட்டத்தை அரசு இணையத்தில் வெளியிடுகிறது. புறப்படுமுன் அதைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வீண் பயணம் குறையும்.

செலவைப் பொறுத்தவரை ஆறு எதிர்பாராத அளவுக்கு மலிவு. பல சிறிய சங்கங்களின் ஆண்டுச் சந்தா, வணிகக் குளத்தின் ஐந்தாறு நாள் கட்டணத்துக்குள் அடங்கிவிடும்; அதற்கு மைல்கணக்கான கரை கிடைக்கிறது. தேம்ஸ் நதியில் டெடிங்டனுக்குக் கீழே, கடலோதம் ஏறி இறங்கும் பகுதியில், உரிமம் மட்டும் போதும். நாள் கட்டணம் இல்லை. ஜனவரியில் நான் எடுத்துப்போவது ஒரு கோல், ஒரு வலை, சட்டைப்பையில் சில தூண்டில்முட்கள், கடையில் வாங்கிய ரொட்டி ஒன்று. ரொட்டியில் பாதியை நனைத்துப் பிசைந்து ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இட்டுவிட்டு, முதலில் இட்ட இடத்துக்குத் திரும்பி வந்து, மிச்ச ரொட்டியின் உள்சதையை முள்ளில் பிதுக்கிப் போடுவேன். ஓரிடத்தில் கால் மணி நேரம், பிறகு அடுத்தது. வணிகக் குளங்களில் கெண்டை அசையாத உறைகுளிரிலும் சப் இரை எடுக்கிறது. அப்படி ஒரு நாளில் வரும் நான்கு பவுண்டு எடையுள்ள சப் ஒன்றுக்கு, கோடைக்குளத்தின் நூறு பவுண்டு கெண்டையை நான் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

மறைசெலவுகள் இங்கும் உண்டு. அவற்றை மறைத்துப் பேசுவது நியாயமாகாது. இங்கிலாந்து, வேல்ஸ் ஆறுகள் அனைத்திலும் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, இரு நாளும் உட்பட, கோர்ஸ் மீனுக்குத் தூண்டில் போடத் தடை. இனப்பெருக்கக் காலத்தைக் காக்க 1878-ல் வந்த சட்டத்தின் வழிவந்தது இது. குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு 1995-லும் கால்வாய்களில் பெரும்பாலானவற்றுக்கு 2000-லும் இத்தடை நீங்கியது. ஆற்றுச் சந்தா செலுத்தியவர் ஆண்டில் 93 நாளை இப்படி இழக்கிறார். வெள்ள நாட்கள் வேறு. வேர்களிலும் பாறைகளிலும் சிக்கி முள்ளும் எடைக்குண்டும் போகும். தேம்ஸ், கென்னட் போன்ற ஆறுகளில் அமெரிக்காவிலிருந்து வந்து பெருகிவிட்ட சிக்னல் கிரேஃபிஷ், இரை அடியைத் தொட்ட சில நிமிடங்களில் அதை அரித்துத் தின்றுவிடும். வழுக்கும் கரையில் குழந்தையை ஒரு கணமும் விட்டுவைக்க முடியாது. எலிச் சிறுநீரால் பரவும் வெய்ல் நோய் குளம், ஆறு இரண்டிலும் உள்ள ஆபத்துதான் என்றாலும், கை கழுவ ஆற்றங்கரையில் குழாய் கிடையாது; கையில் காயமிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும், கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது ஆறுகளின் நிலை. இங்கிலாந்து ஆறுகளில் நல்ல சூழலியல் நிலையில் இருப்பவை 14 விழுக்காடுதான் என்பது அரசின் மதிப்பீடே. 2023-ல், மழை மிகும்போது சாக்கடை நீரை வெளியே விடும் புயல்நீர் வழிந்தோடிகள் வழியாகக் கழிவுநீர் திறந்துவிடப்பட்ட நேரம் மொத்தம் சுமார் 36 லட்சம் மணி. பார்பலுக்குப் பெயர்போன வை ஆறு, சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளின் எருவிலிருந்து வரும் பாஸ்பேட்டால் பச்சைநிறம் பூண்டு, 2023-ல் ‘மோசமான நிலை, மேலும் சரிகிறது’ என்ற பட்டியலுக்கு இறக்கப்பட்டது. ஆனால் டிரென்ட் இதற்கு மறுபக்கம்: தொழிற்சாலைக் கழிவால் நாறிக்கிடந்த அந்த ஆறு தூய்மையாகி, இன்று நாட்டின் சிறந்த பார்பல் ஆறுகளில் ஒன்றாக நிற்கிறது.

சந்தா எங்கே போகிறது என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. குளத்துக்குக் கட்டும் பணம் அந்தக் குளத்தின் மீனை மட்டும் காக்கிறது. சங்கத்துக்குக் கட்டும் பணம் கரையில் ஒரு கண்ணை வைக்கிறது. 1950களின் தொடக்கத்தில் ‘பிரைடு ஆஃப் டெர்பி’ என்ற மீன்பிடிச் சங்கம், டெர்வென்ட் ஆற்றை மாசுபடுத்திய பிரிட்டிஷ் செலனீஸ் ஆலைமீதும் டெர்பி மாநகராட்சிமீதும் மின் ஆணையத்தின்மீதும் வழக்குத் தொடுத்து, மாசை நிறுத்தும் தடையாணையைப் பெற்றது. தூண்டிற்காரர்களின் சந்தாப் பணத்தில் நிற்கும் சங்கங்கள் இந்த வேலையை இன்றும் செய்கின்றன. ஆற்றில் தூண்டில் போடுகிறவர்கள் எல்லாரும் குளத்துக்குப் போய்விட்டால், செத்த மீன் மிதப்பதைக் கண்டு முதலில் தொலைபேசியை எடுக்க யார் இருப்பார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

## கால்வாய்

பலர் எண்ணிப்பார்க்காத மூன்றாவது வழி இது. கிராண்ட் யூனியன் போன்ற கால்வாய்கள் தொடர்வண்டியில் போய் இறங்கும் தூரத்தில் உள்ளன, இழுவைப்பாதை சமதளம், பெரும்பாலும் மார்ச் தடை இல்லை. ரொட்டியும் புழுவும் போதும். மீன் சிறியது, மிதிவண்டிகளும் படகுகளும் இடைமறிக்கும். ஆற்றுக்குப் போகத் துணியாதவர் நீரைப் படிக்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. கரை சங்கத்தின் வசமா, கால்வாய்களைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் வசமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

| அளவுகோல் | வணிகக் குளம் | ஆறு | கால்வாய் |
|---|---|---|---|
| மீன் மாட்டும் நம்பிக்கை | மிக அதிகம் | இடம் அறிந்தால் நல்லது, முதல் ஆண்டு குறைவு | சிறு மீன் உண்டு |
| நேர்ச்செலவு | ஒவ்வொரு நாளும் கட்டணம் | ஆண்டுச் சந்தா, சில இடங்களில் இலவசம் | குறைவு |
| மறைசெலவு | பெல்லட், போல் | தடைக்காலம், வெள்ளம், தொலையும் கருவி | இடையூறு |
| காலம் | பெரும்பாலும் ஆண்டு முழுவதும் | ஜூன் 16 முதல் மார்ச் 14 வரை | பெரும்பாலும் ஆண்டு முழுவதும் |
| கரை வசதி | மிக நன்று | பெரும்பாலும் இல்லை | ஓரளவு |
| மீனின் நிலை | அடிக்கடி பிடிபடும் | அரிதாகப் பிடிபடும், மாசு அச்சம் | இடைப்பட்டது |

## யாருக்கு எது

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு போகிறவருக்கும், மூட்டுவலியோ சக்கர நாற்காலியோ உள்ளவருக்கும், மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு கிடைக்கிறவருக்கும் வணிகக் குளமே சரி. அதில் தாழ்வாக எதுவும் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மூடியிருக்கும்போது எவருக்கும் அதுவே சரி. போட்டிகளில் ஆர்வம் உள்ளவர் அங்கேயே நிலைத்துவிடலாம்.

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஓர் ஆறு இருந்து, வாரத்தில் இரண்டு மாலை ஓய்வு கிடைக்கிறவர் சங்கச் சந்தா கட்டாமல் இருப்பது பெரிய இழப்பு. தனிமை தேடுகிறவர், குளிர்காலத்தில் வெளியே போக விரும்புகிறவர், கையில் பணம் குறைவாக உள்ளவர் ஆகிய மூவருக்கும் ஆறுதான் என் பரிந்துரை.

இரண்டுக்கும் நடுவே நிற்கிற பெரும்பான்மையினருக்கு நான் சொல்லும் முறை இது. ஏப்ரலில் உரிமம் வாங்கி, ஜூன் நடுப்பகுதி வரை ஒரே வணிகக் குளத்துக்கு ஆறேழு முறை போய்க் கைப்பழக்கம் பெறுங்கள். போல் வாங்காதீர்கள், சாதாரணச் சுருள்கோல் ஆற்றுக்கும் உதவும். ஜூன் 16 வருமுன், சந்தா கட்டிய சங்கத்தின் கரை முழுவதும் ஒருமுறை தூண்டில் இல்லாமல் நடந்து, நீர் தெளிந்திருக்கும் அந்நாளில் மீன் நிற்கும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குளத்தில் நனைந்த வலையை ஆற்றுக்குக் கொண்டுபோகுமுன் கழுவி, முழுவதும் உலர்த்துங்கள். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு நீரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் உயிரிகளில், 2010-ல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் முதலில் கண்டறியப்பட்ட ‘கொலைகார இறால்’ போன்றவை பிறகு விரட்ட முடியாதவை. ஆற்றில் முதல் பார்பல் வந்தால், அதைப் புகைப்படத்துக்காக நெடுநேரம் நீருக்கு வெளியே வைத்திராமல், தலையை ஓட்டத்தை நோக்கித் திருப்பி வலைக்குள்ளேயே தாங்கிப் பிடித்திருங்கள். தன் வலிமையில் அது கையை உதறிப் போகும்வரை விட்டுவிடாதீர்கள்.